நூறுக்கு வாங்கி இருநூற்று இரண்டில் முடிந்த நைட்ரோ டிரக்

மொத்தம் 11 வாரம். அதில் நான் வாங்கிய நைட்ரோ வண்டி, அதாவது பேட்டரிக்குப் பதில் நிஜமான குட்டி இன்ஜினில் ஓடும் ரிமோட் டிரக், உருப்படியாக ஓடிய நேரம் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன், பிளக்கைக் கழற்றினேன், மாட்டினேன், பாகம் தேடி அலைந்தேன், தரையில் உட்கார்ந்து வண்டியை முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்தவர்களில் ரிமோட் வண்டி வைத்திருந்த சிலரும் பேட்டரி வண்டிக்காரர்கள். யாராவது அன்றைக்கு உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணம் கையில் நின்றிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் விலை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இல்லாத சாமான்களுக்கு 25, எரிபொருளுக்கு 10, இன்ஜினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்குக்கு 8, உடைந்த பாகங்களுக்கு 14, கடைசியில் புது இன்ஜினுக்கு 45. கூட்டினால் 202. அந்த வண்டியைப் பிறகு பாகத்துக்காக ஒருவர் 30-க்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? படம் பார்த்து. பெரிய சக்கரம், ஊதா நிறத்தில் மினுக்கும் அலுமினியம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரட்டை ஷாக் அப்சார்பர். பத்தில் ஒரு பங்கு அளவு, 3 சிசி இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை. இதே அளவில் பெயர்பெற்ற கம்பெனி வண்டியின் விலையில் பாதிதான். ‘பேருக்குத்தானே அந்த மீதிப் பாதி’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளுக்கு லீவு தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. இப்போது யோசித்தால், அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு தடவைகூடத் தேடிப் பார்க்காத விஷயம், இந்த வண்டிக்குப் பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டியின் மேல் ‘ரெடி டு ரன்’ என்று போட்டிருந்தது. பிரித்தவுடன் ஓட்டலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பிரித்தால் எரிபொருள் இல்லை, பிளக்கைச் சூடேற்றும் க்ளோ ஸ்டார்ட்டர் இல்லை, எரிபொருள் ஊற்றும் குப்பி இல்லை, பிளக் ஸ்பேனர் இல்லை, ரிமோட்டுக்கும், வண்டிக்குள் அதன் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் பேட்டரி இல்லை. ஒரு ஆலன் கீ கொடுத்திருந்தார்கள், மூன்றாவது ஸ்க்ரூவிலேயே அதன் முனை மழுங்கிப்போனது. அன்று மாலை முழுக்க மகள் வண்டியைக் கையால் தள்ளி விளையாடினாள். நீங்கள் நைட்ரோ வண்டி வாங்குவதாக இருந்தால் வண்டி விலையில் கால் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு தனியாக எடுத்து வையுங்கள். அதில் நல்ல ஆலன் கீ ஒரு செட், மூன்று நான்கு பிளக், இன்ஜின் சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன், ஏர் ஃபில்டர் ஆயில், ஓட்டி முடித்ததும் ஊற்றும் ஆஃப்டர் ரன் ஆயில் எல்லாம் வந்துவிட வேண்டும். கடைசி இரண்டையும் நான் வாங்கவில்லை. தேவையில்லாத செலவு என்று நினைத்தேன்.

எரிபொருளைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. இது பெட்ரோல் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்தது. கார் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் இருக்கும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் நான் திணறிக்கொண்டிருந்தபோது என் மச்சினன் வந்து, “கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பாருங்க மாமா” என்றான். நல்லவேளை, அன்றைக்கு ஊற்றவில்லை. இந்த இன்ஜினில் பொறி கிடையாது. பிளக்குக்குள் இருக்கும் பிளாட்டினம் கலந்த சிறு சுருள் கம்பி மெத்தனாலோடு வினை புரிந்து தானே கனன்றுகொண்டிருக்கும். முதலில் சூடேற்ற மட்டும்தான் ஒன்றரை வோல்ட் வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் க்ளோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடலாம். பெட்ரோலோடு அந்த வினை நடக்காது. இன்னொன்று, மெத்தனால் விஷம். உள்ளே போனால் கண்பார்வை போகும், தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த டப்பாவைப் பூட்டி வையுங்கள், ஊற்றும்போது கையுறை போடுங்கள், அடைத்த அறைக்குள் இன்ஜினை ஓட்டாதீர்கள்.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணிய கதைக்கு வருவோம். புது இன்ஜினில் பிஸ்டன் மேலே போகும்போது ஸ்லீவில், அதாவது அது ஏறி இறங்கும் உருளையில், இறுகும். அந்த உருளை மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாகத்தான் செய்யப்பட்டிருக்கும். சூடானதும் விரிந்து சரியான இடைவெளிக்கு வரும். இது எனக்குத் தெரியாது. கயிறு இறுகியதும் பலமாக இழுத்தேன். வரவில்லை. எரிபொருள் போகவில்லை போல என்று சைலன்சர் வாயை விரலால் அடைத்து ஏழெட்டுத் தடவை இழுத்தேன். கயிறு அப்படியே கல் மாதிரி நின்றுவிட்டது. அதற்கு மேலும் இரண்டு கையாலும் இழுத்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். கயிறு அறுந்து கைப்பிடி என் தாடையில் வந்து அடித்தது. நடந்தது என்னவென்றால், பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் நிரம்பிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் பலம் காட்டினால் கயிறு அறுவது அதிர்ஷ்டம், பிஸ்டனைக் கீழே பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் வளைந்தால் இன்ஜினே போச்சு. கயிறு கல்லாக நின்றால் உடனே பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, கயிற்றைச் சின்னச் சின்னதாக நாலு தடவை இழுங்கள். உள்ளே இருப்பது பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் அதிகமுள்ள புது இன்ஜினாக இருந்தால் ஹேர் டிரையரால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பாதி வேலை மிச்சம்.

புதுக் கயிறு போட்டு, நான்காம் நாள் மாலை ஒரு வழியாக இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தமும், வெள்ளைப் புகையும், எண்ணெய் எரிகிற அந்த வாசனையும்! நான் ஏன் பேட்டரி வண்டி வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் அதுதான். மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கியது தனிக் கதை. ஆளில்லாத மைதானம் பக்கத்தில் இல்லையென்றால் நைட்ரோவை நினைக்கவே நினைக்காதீர்கள்.

புது இன்ஜினைப் பழக்க வேண்டும், முதல் நாலைந்து டேங்க் எரிபொருள் அதிகம் போகிற மாதிரி ரிச்சாக வைத்து மெதுவாக ஓட்ட வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. நான் அதை மிகையாகச் செய்தேன். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவான நீடிலை அவ்வளவு திறந்து வைத்ததில் இன்ஜின் 60 டிகிரியைத் தாண்டவே இல்லை. அந்தக் குளிரில் ஸ்லீவ் விரியாது, பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் இறுகி இறுகி இறங்கும், அடி முழுக்கக் கனெக்டிங் ராடுக்கு. ரிச்சாகவும் இருக்க வேண்டும், 90 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் ஹெட்டைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றிச் சூட்டைப் பிடித்து வைக்கலாம். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டன் கீழே இருக்கும்படி, இன்ஜின் தண்டில் இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைத் திருப்பிவிட்டு ஆற விடுங்கள். மேலே இறுகிய நிலையில் ஆறினால் அந்த இறுக்கம் சீக்கிரம் போய்விடும்.

பிறகு டியூனிங். வேகத்துக்கு ஒரு நீடில், மெதுவாக ஓடுவதற்கு ஒரு நீடில், ஐடிலுக்கு ஒரு ஸ்க்ரூ. நான் மூன்றையும் ஒரே நேரத்தில் திருகினேன், எதைத் திருகியதால் எது ஆனது என்று தெரியாமல் போனது. ஒரு நேரத்தில் ஒன்று, அதுவும் மணிமுள் ஒரு மணி நேரத்துக்கு நகர்கிற அளவு, அவ்வளவுதான். முதலில் வேக நீடில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. முழு வேகத்தில் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். கோடு மறைந்து, இன்ஜின் கீச்சென்று கத்தினால் அது லீன், அதாவது எரிபொருள் போதவில்லை, அதோடு வரும் ஆயிலும் குறைகிறது என்று அர்த்தம். அந்தக் கீச்சுச் சத்தத்தில் வண்டி பறக்கும், நமக்கு ஆனந்தமாக இருக்கும், இன்ஜின் செத்துக்கொண்டிருக்கும். மெதுவான நீடிலுக்கு, ஐடிலில் இருக்கும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடியில் சத்தம் லேசாக ஏறி நின்றால் சரி. உடனே நின்றால் லீன், ஐந்தாறு வினாடி இழுத்தால் ரிச். டெம்பரேச்சர் கன் இல்லாவிட்டால் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று முதல் ஐந்து வினாடியில் கொதித்து ஆவியானால் நல்லது, பட்டதும் துள்ளி ஓடி மறைந்தால் நிறுத்துங்கள். கழற்றிய பிளக்கும் பேசும். என்னுடையதின் கம்பி சாம்பல் பூத்து, சுருள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிளக் மட்டமான சரக்கு என்று கம்பெனியைத் திட்டினேன். ஆறு பிளக் இப்படிப் போனது. நான் இன்ஜினை லீனில் ஓட்டிக்கொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை.

ஐந்தாவது வாரம் அந்த ஓட்டம் நடந்தது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத் திடீரென்று ரிமோட் கேட்கவில்லை. பேட்டரி வண்டியாக இருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும். இதில் இன்ஜின் தன் பாட்டுக்கு ஓடும், வேகத்தையும் பிரேக்கையும் அசைக்கும் சிறு மோட்டாரான செர்வோ கடைசியாக எந்த நிலையில் நின்றதோ அந்த வேகத்தில். நான் விசையை விட்டுவிட்டேன், பிரேக்கை அழுத்தினேன், பின்னாலேயே ஓடினேன். கிட்டத்தட்ட மூன்று கிலோ எடை, நேராகப் போய் சிமென்ட் திட்டில் மோதியது. நடுவில் யாரும் நிற்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. காரணம் ரிசீவருக்குப் போட்டிருந்த நான்கு சாதாரண பென் பேட்டரி. சார்ஜ் இறங்கிப் போயிருந்தது. அன்றிலிருந்து ரீசார்ஜ் செய்கிற பேட்டரி பேக், கார்புரேட்டரை மூடிய நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறு ஸ்ப்ரிங், சிக்னல் போனால் பிரேக் பிடிக்கிற ஃபெயில்சேஃப். இந்த மூன்றும் இல்லாமல் இன்ஜினைத் தொடுவதே இல்லை. ஃபெயில்சேஃப் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, இன்ஜினை அணைத்து, ரிசீவரை ஆன் செய்து, த்ராட்டிலைப் பாதி கொடுத்தபடியே ரிமோட்டை நிறுத்துங்கள். செர்வோ பிரேக் பக்கம் போக வேண்டும். என்னுடையது போகவில்லை, நானே செட் பண்ண வேண்டியிருந்தது.

அந்த மோதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் ஒன்றும், அது சட்டத்தில் மாட்டியிருக்கிற பல்க்ஹெட் என்ற பாகமும் உடைந்தன. இங்கேதான் அந்த ஊதா அலுமினியத்தின் லட்சணம் தெரிந்தது. நல்ல நைலான் ஆர்ம் அடி வாங்கினால் வளைந்து திரும்பிவிடும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாமல் நின்றால் அடியை அப்படியே உள்ளே கடத்தி விலை கூடிய பாகத்தை உடைக்கும். என் வண்டியில் மேல் ஆர்ம் அலுமினியம், அது கோணலாகி நின்றது. விற்றவருக்கு போன் போட்டேன். “சார், அந்த மாடலை நிறுத்திட்டாங்க சார். இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அது செட் ஆகும்னு நினைக்கிறேன்.” அந்த ‘நினைக்கிறேன்’-ஐ நம்பி வரவழைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. பின் போகும் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அரத்தால் தேய்த்து, துளையைப் பெரிதாக்கி, எப்படியோ மாட்டினேன். இரண்டு தாவலில் மறுபடி உடைந்தது.

மான்ஸ்டர் டிரக் என்றால் தாவும், விழும், உருளும், உடையும். எந்த விலை கொடுத்தாலும் உடையும். ஆகவே உறுதியான வண்டி எது என்று தேடாமல், எது உடைந்தாலும் நாளைக்கே கிடைக்கிற வண்டி எது என்று தேடுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஆறு பாகங்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: கீழ் ஆர்ம், ஸ்பர் கியர், கிளட்ச் பெல்லும் ஷூவும், டிஃபரென்ஷியல் கியர், செர்வோ சேவர், இன்ஜினின் பிஸ்டன்–ஸ்லீவ் செட். ஆறும் தனித்தனியாக இரண்டு இடத்திலாவது விற்பனைக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டு வரைந்த படம் அந்த மாடலுக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் தூக்கி எறிகிற வண்டிதான். டிராக்ஸஸ் கம்பெனியின் டி-மேக்ஸ் என்ற நைட்ரோ டிரக் 1999-ல் வந்தது. இரண்டு கியர், ரிவர்ஸ், எல்லாம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதற்கு ஆர்ம் முதல் கியர் வரை வெளிக் கம்பெனிகளும் செய்திருக்கின்றன. ஆர்பிஎம் என்ற கம்பெனியின் நைலான் ஆர்ம்கள் அதில் பேர்போனவை. எச்பிஐ கம்பெனியின் சேவேஜ் டிரக்கின் இரண்டு செங்குத்துத் தகடு சட்டமும் அடி தாங்குவதற்குப் பெயர் எடுத்தது. புதுசாக வாங்க முடியாவிட்டாலும் இந்த மாதிரிப் பலர் ஓட்டிய பழைய வண்டி, யாரும் கேள்விப்படாத புது வண்டியைவிட மேல்.

கடைசி அடி இன்ஜினுக்கு. பத்தாவது வாரம் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் நிற்கும், நின்றால் திரும்ப வராது. பிளக் மாட்டியபடியே ஃப்ளைவீலைக் கட்டைவிரலால் சுற்றினேன். மேலே வரும்போது இறுகவே இல்லை, மூடி தளர்ந்த டப்பா மாதிரி சுற்றியது. கழற்றி ஸ்லீவை வெளியே எடுத்து உள்பக்கம் நகத்தை ஓட்டினேன். நெடுக்காகக் கீறல்கள், நகம் தட்டித் தட்டி இறங்கியது. கார்புரேட்டர் வாயைத் துணியால் துடைத்தால் நறநறவென்று மண். ஏர் ஃபில்டரின் நுரையை நான் ஒரு நாளும் ஆயிலில் நனைக்கவில்லை. காய்ந்த நுரை நுண்ணிய தூசியைப் பிடிக்காது, உள்ளே விட்டுவிடும். அதை நனைக்கிற ஆயில் எனக்குத் தேவையில்லாத செலவாகத் தெரிந்தது என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சிக்கனத்துக்கு விலை 45. ஆஃப்டர் ரன் ஆயிலும் ஊற்றவில்லை. மெத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், எரிந்த நைட்ரோவின் மிச்சம் அரிக்கும். பின் பேரிங் கரகரவென்று துருப்பிடித்திருந்தது. இரண்டாவது லிட்டர் டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் வைத்ததில் அதுவும் ஈரம் இழுத்துக் கெட்டுப்போனது. ஓட்டி முடித்தால் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிகிறவரை இன்ஜினை ஓட விட்டு, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை நாலு இழு. மூன்று நிமிஷ வேலை. புது இன்ஜினை வாங்கி மாட்டினேன், ஆனால் அதற்குள் அந்தச் சட்டத்துக்கு எந்த ஆர்மும் கிடைக்கவில்லை. அப்படியே விற்றுவிட்டேன்.

இரண்டாவது வண்டி, ஏழெட்டு வருஷம் ஓடிய பழைய டி-மேக்ஸ். வாங்கப் போகும்போது விற்பவரிடம் ஒரே வேண்டுகோள் வைத்தேன்: “நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணா.” குளிர்ந்த இன்ஜினில்தான் இறுக்கம் தெரியும். போனதும் ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு ஒரு டேங்க் முழுக்க ஓட்டச் சொல்லி, சூட்டோடு அணைத்து, உடனே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. சக்கரத்தை ஒவ்வொன்றாகச் சுற்றி டிஃபரென்ஷியலில் பல் தட்டுகிறதா என்று கேட்டேன். ஏர் ஃபில்டரைப் பிதுக்கிப் பார்த்தேன், விரலில் ஆயில் ஒட்டியது. அந்த நிமிஷமே வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, “முன்னாடி ஒரு தடவை அடிபட்டிருக்கீங்க போல” என்றார் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை முன் ஆர்ம் உடைந்தது. பெட்டியிலிருந்து மாற்று ஆர்மை எடுத்தேன். ஸ்க்ரூக்களை மகள் டப்பா மூடியில் வரிசையாக வைத்துக்கொடுத்தாள், உலோகத்தில் ஏறுகிற ஸ்க்ரூவுக்கு மட்டும், அது கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை ஒரு சொட்டு தொட்டு வைப்பதும் அவள் வேலைதான். 20 நிமிஷம் ஆனது. “அப்பா, இந்தத் தடவை கயித்தை நான் இழுக்கறேன்” என்றாள். குட்டையாக இழுக்கணும், இறுகினால் உடனே விட்டுவிடணும் என்று சொல்லிக் கைப்பிடியைக் கொடுத்தேன்.